தளம் ஊற்றச் சட்டப் பலகை: பைன், ஷட்டர் பிளை, பழைய மரம் – எதை எடுப்பது?

பின்முற்றத்தில் நாமே ஒரு கான்கிரீட் தளம் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்குகிறவர்கள் சிமெண்டுக் கணக்கில் அதிகம் தடுமாறுவதில்லை. ஈரக் கான்கிரீட்டை இறுகும்வரை ஓரத்தில் தடுத்துநிறுத்தும் சட்டத்துக்கு மரம் வாங்க மரக்கடைக்குப் போனால்தான் தடுமாறுகிறார்கள். 38க்கு 114 மிமீ பைன் பலகை வாங்குவதா, ஒரு ஷட்டர் பிளைத் தாளை (கான்கிரீட் சட்டத்துக்கென்று விற்கும் ஒட்டுப்பலகை) வாங்கிக் கீற்று கீற்றாக அறுப்பதா, கூரை மாற்றியபோது கழற்றி வைத்த பழைய மரத்தை வைத்தே வேலையை முடிப்பதா? தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் மேட்டு மனைக்குச் சரிப்படும் பதில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவின் சமதரைக்குச் சரிப்படாது. ஆகவே எந்தப் பலகையையும் புகழ்வதற்கு முன், எதை வைத்து எடைபோடுவது என்பதைப் பார்த்துவிடலாம்.

பேசுவதற்கு ஒரு தளத்தை வைத்துக்கொள்வோம்: 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 100 மிமீ தடிமன். மேலே சாய்ப்புக் கூரை போட்டு உட்கார, துணி துவைக்க, ஆடி மாதம் மாரியம்மன் கூழ்ப் பூசைக்கு அண்டாக்களை வைக்க இது போதும். (விறகு அடுப்பை மட்டும் நேராகத் தளத்தின்மேல் மூட்டாதீர்கள். சூட்டில் கான்கிரீட்டின் மேல்பரப்பு வெடித்துச் சில்லாகத் தெறிக்கும். செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, அதன்மேல் மூட்டுங்கள்.) கார் நிற்கும் தளமென்றால் இதைவிடத் தடிமன் வேண்டியிருக்கும், பலகையின் உயரமும் அதற்கேற்ப மாறும்.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, தள்ளுவிசை. ஈரக் கான்கிரீட் தண்ணீரைப் போலவே பக்கவாட்டில் தள்ளும், ஆனால் தண்ணீரைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு கனத்தோடு. 100 மிமீ உயரத்தில் ஒரு மீட்டர் நீளப் பலகையின்மேல் விழுவது சுமார் 12 கிலோ. 150 மிமீயில் 27 கிலோ. 200 மிமீயில் 48. 300 மிமீயில் 108. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்காகும். 100 மிமீ தளத்தில் எந்தப் பலகையும் சமாளித்துக்கொள்ளும். உயரம் ஏறும்போதுதான் பலகைத் தேர்வு பெரிய பிரச்சினையாகிறது.

இரண்டாவது, பலகை நேராக இருப்பது. சட்டத்தின் மேல்விளிம்பின்மேல்தான் மட்டப்பலகையை ஓட்டிக் கான்கிரீட்டைச் சமப்படுத்துகிறோம். விளிம்பு எங்கே 5 மிமீ தாழ்கிறதோ, அங்கே தளமும் 5 மிமீ தாழும். மழை பெய்ததும் அங்கே தண்ணீர் தேங்கும். பலகையின் வலிமையைவிட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். வலிமைக் குறைவை இன்னொரு முளை (பலகையைப் பிடித்து நிறுத்தத் தரையில் அடிக்கும் கூரான கட்டை) அடித்து ஈடுகட்டலாம், மேலும் கீழும் நெளிந்த பலகையை எதுவும் நிமிர்த்தாது.

மூன்றாவது, விறைப்பு. தடிமன் கூடக்கூட விறைப்பு அதன் மூன்றாம் அடுக்கில் கூடும், அதாவது தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. முளைகளுக்கிடையிலான தூரம் கூடினால் வளைவு அதன் நான்காம் அடுக்கில் கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 36 மிமீ தடிமனான பலகைக்கு 900 மிமீக்கு ஒரு முளையும், 21 மிமீ பிளைக்கு 600 மிமீக்கு ஒரு முளையும் அடித்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வளையும். ஆகவே மெல்லிய பலகை மலிவு என்று வாங்கினால், மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பங்கு முளைக்கும் திருகாணிக்கும் போய்விடும். பலகையின் விலையை முளையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நான்காவது, ஊற்றிய பிறகு அந்த மரம் என்னவாகும் என்பது. மறுநாள் குப்பைக்குப் போகும் மலிவுப் பலகையைவிட, கூரைக்கு ஏறும் விலையுள்ள பலகை மலிவாக முடியலாம்.

புதிய பைன், 38க்கு 114

முதலில் அளவு. கடையில் 38க்கு 114 என்று சொல்வதை அளந்து பார்த்தால் பல இடங்களில் 36க்கு 111 மிமீதான் இருக்கும். 152 என்பது 149 ஆக இருக்கும். 100 மிமீ தளத்துக்கு 111 பொருத்தமே: பலகை ஓடும் கோட்டில் 11 மிமீ ஆழம் மண்ணைச் சுரண்டி இறக்கிவிட்டால், அடியில் கசியும் சிமெண்டுப் பாலுக்கும் அதுவே தடுப்பு.

நீளம் 300 மிமீ வீதம் கூடும் அளவுகளில் கிடைக்கும். நம் தளத்துக்கு 4.2 மீட்டரில் இரண்டு, 3 மீட்டரில் மூன்று வாங்குங்கள், மொத்தம் 17.4 மீட்டர். நீளப் பலகைகள் இரண்டையும் 3 மீட்டர் இடைவெளியில் போட்டு, 3 மீட்டர் பலகைகள் இரண்டை அவற்றுக்கு நடுவே செருகினால் மூலைக்கு 100 மிமீ வெளியே நீண்டுகொண்டிருக்கும். அதை அறுக்க வேண்டாம், நீண்டே இருக்கட்டும். ஐந்தாவது பலகை நடுத்தடுப்பு. 100 மிமீ தளத்தை 3 மீட்டருக்குமேல் இணைப்பில்லாமல் ஊற்றினால் சுருங்கும்போது தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். ஆகவே 2க்கு 3 மீட்டராக இரண்டு பாகம். ஒரு பாகத்தை ஊற்றி, மறுநாள் தடுப்பை எடுத்து, கெட்டியான விளிம்பில் மெல்லிய பாலித்தீன் ஒட்டி அடுத்ததை ஊற்றலாம். ஒரே நாளில் ஊற்றித்தான் ஆகவேண்டுமென்றால் தடுப்பு வேண்டாம். கான்கிரீட் இறுகத் தொடங்கும்போது நடுக்கோட்டில் 25 மிமீ ஆழப் பள்ளம் அழுத்திவிடுங்கள். வெடிப்பு அந்தக் கோட்டிலேயே அடங்கும்.

ஒரு பலகையைக்கூட அறுக்காமல் இப்படி அமைப்பதில் பெரிய லாபம் இருக்கிறது. தளத்தின்மேல் சாய்ப்புக் கூரை போடுவதாக இருந்தால், அந்தக் கூரைக்கு வேண்டிய கைமரங்களையே முன்கூட்டி வாங்கிச் சட்டமாகப் பயன்படுத்திவிட்டு, கழுவிக் காயவைத்துக் கூரைக்கு ஏற்றலாம். அதற்குக் கட்டுமானத் தரமான எஸ் 5 முத்திரையுள்ள மரமாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்த நோக்கம் இருந்தால் பலகைக்கு எண்ணெய் தடவாதீர்கள், பின்னால் பெயிண்ட் ஒட்டாது. தளத்தின் அடியில் விரிக்கும் 250 மைக்ரான் பாலித்தீனில் மிஞ்சிய கீற்றை உள்முகத்தில் ஸ்டேப்ளரால் பிடித்தால் போதும்.

பைனின் குறை, முறுக்கு. கடையில் நேராக இருந்த பலகை வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் கோணிக்கொள்ளும். கௌட்டெங் மாகாணத்தின் குளிர்காலக் காய்ந்த காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். லெனேசியா, லாடியம் பக்கத்தில் இருப்பவர்கள் ஊற்றுகிற வாரத்திலேயே வாங்குங்கள், நிழலில் இடைக்கட்டை கொடுத்து அடுக்குங்கள். வாங்கும்போது ஒவ்வொரு பலகையையும் ஒரு கண்ணை மூடி விளிம்போடு பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் நூல் பிடியுங்கள்: 3 மீட்டரில் 5 மிமீக்குமேல் வில்லாக வளைந்ததைத் திருப்பிக் கொடுங்கள். மேல்விளிம்பு வளைவும் பக்க வளைவும் வேறு வேறு. பக்கவாட்டு வளைவை முளை அடித்து இழுத்துக்கொள்ளலாம், விளிம்பு வளைவை முடியாது.

ஷட்டர் பிளைக் கீற்று

21 மிமீ ஷட்டர் பிளைத் தாள் 2440க்கு 1220 மிமீ. நீளவாக்கில் 111 மிமீ கீற்றாக அறுத்தால், ரம்பம் தின்னும் 3 மிமீயையும் கழித்து, ஒரு தாளில் 10 கீற்று வரும். நம் தளத்துக்கு எட்டுக் கீற்று செலவாகும், இரண்டு மிஞ்சும். விலையை மட்டும் பார்த்தால் பல சமயம் இதுதான் மலிவு என்று தோன்றும்.

இதன் பலம், அறுத்தபடியே நேராக நிற்பது. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் முறுக்கிக்கொள்ளாது. கணு கிடையாது, முகம் வழுவழுப்பு, தளத்தின் ஓரமும் அப்படியே வரும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது அறுப்பு: கைவட்ட ரம்பத்தை வெறும் கண்ணளவில் ஓட்டினால் விளிம்பு அலையலையாக வந்து, பிளை வாங்கிய காரணமே அடிபட்டுப்போகும். நேர்க்கட்டை பிடித்து அறுங்கள், அல்லது கடையிலேயே அறுக்கச் சொல்லுங்கள். வெட்டுக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். இரண்டாவது இணைப்பு: 2.44 மீட்டர்தான் நீளம் என்பதால் நம் ஐந்து பலகை வரிசைகளிலும் தலா ஓர் இணைப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் 400 மிமீ நீளத்தில் ஒரு ஒட்டுத்துண்டும், இணைப்பிலேயே ஒரு முளையும் வேண்டும். இல்லையென்றால் சட்டம் உடையும் முதல் இடம் அதுதான். மூன்றாவது, அறுத்த விளிம்பு. அது தண்ணீரைக் குடித்து உப்பும், அடுக்கு பிரியும். மிஞ்சிய பெயிண்ட் எதையாவது விளிம்பில் ஒரு பூச்சு பூசினால் மூன்று நான்கு முறை தாங்கும், பூசாவிட்டால் இரண்டாம் முறையே மேல்விளிம்பு பிசிறிவிடும்.

முளை எண்ணிக்கையைப் பாருங்கள். பைனுக்கு, நீள ஓரத்துக்கு 6, குறுக்கோரத்துக்கு 5, தடுப்புக்கு 5, ஆக 27. பிளைக்கு 600 மிமீ இடைவெளியில் 34, இணைப்புகளுக்கு இன்னும் 5, ஆக 39. சாட்ஸ்வொர்த்தின் கல்லோடிய தரையில் பன்னிரண்டு முளை கூடுதலாக அடிப்பது அரை நாள் வேலை.

பிளை ஜெயிக்கும் இடம் வேறு. ஓரம் 200 மிமீ போல உயரும் தளத்துக்கு, பலகை மேல் பலகை அடுக்குவதைவிட ஒரே அகலக் கீற்று எவ்வளவோ மேல். நடைபாதை போல ஒரே அளவுப் பாகங்களை வாரத்துக்கு ஒன்றாக ஊற்றிப் போகிறவர்களுக்கும் அதுவே சரி. வளைந்த ஓரத்துக்கு இரண்டும் உதவாது, 3.2 மிமீ ஹார்ட்போர்டை இரண்டு அடுக்காக வளைத்து, 300 மிமீக்கு ஒரு முளை அடியுங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய மரம்

காசில்லாமல் கிடைக்கிறது என்பது உண்மை. வேலை இல்லாமல் கிடைப்பதில்லை. ஆணி பிடுங்க வேண்டும், ஒட்டிய சாந்தைச் சுரண்ட வேண்டும், கரையான் தின்றதை ஒதுக்க வேண்டும். மறைந்திருக்கும் ஓர் ஆணி ரம்பத்தின் பல்லை எடுத்துவிடும். பழைய கைமரங்கள் முழுக்கக் காய்ந்து அடங்கியவை என்பதால், நேராக இருந்தால் புதிய பைனைவிட நன்றாக உழைக்கும். நேராக இருப்பவற்றை மட்டும் பொறுக்குங்கள்.

சலிக்னா (ஒரு வகை யூகலிப்டஸ்) போன்ற கெட்டி மரமானால் ஆணி அடிக்கும் முன் துளையிடுங்கள், இல்லாவிட்டால் பிளக்கும். இன்னொன்று: மரத்திலிருந்து ஊறும் சர்க்கரைச் சத்து சிமெண்ட் இறுகுவதைத் தடுக்கும். முதல் முறை பயன்படும் கெட்டி மரத்தை ஒட்டிய ஓரம் மறுநாளும் மாவாக உதிர்வதற்கு அதுதான் காரணம். சிமெண்டைப் பால்போலக் கரைத்து முந்தின நாள் உள்முகத்தில் தடவி, காய்ந்ததும் தட்டி உதிர்த்துவிட்டால் சர்க்கரை அதோடு போய்விடும்.

சாரப்பலகையை எடுக்கத் தோன்றும். 38க்கு 228, கெட்டியானது, நேரானது. ஆனால் 100 மிமீ தளத்துக்கு அதில் பாதிக்குமேல் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். அவ்வளவு ஆழம் வெட்டினால் தளத்தின் ஓர மண் இளகும். முளைக்குத் துளையிட்ட, ஈரத்தில் ஊறிய பலகை மறுபடி ஆளைத் தாங்கும் சாரத்துக்குப் போகவே கூடாது. பாலட் கட்டைகளையும் விடுங்கள்: மெல்லியவை, ஒரு மீட்டர் சொச்சம் நீளம், பதினேழு மீட்டருக்குப் பன்னிரண்டு இணைப்பு வரும்.

பழைய மரம் எப்போது சரி? குப்பைத்தொட்டி மேடை, தண்ணீர்த் தொட்டிக்கு அடித்தளம் போல ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும் தளத்துக்கு. அங்கே புதிய மரம் வாங்குவது வீண்.

ஒரே பார்வையில்

| | பைன் 38×114 | பிளை 21 மிமீ | பழைய மரம் |
|---|---|---|---|
| முளை இடைவெளி | 900 மிமீ | 600 மிமீ | தடிமனைப் பொறுத்து |
| நம் தளத்துக்கு முளை | 27 | 39 | 30க்குமேல் |
| இணைப்பு | இல்லை | 5 | பல |
| மேல்விளிம்பு நேராக இருப்பது | பொறுக்கினால் நன்று | மிக நன்று | பார்த்துத்தான் |
| மறுபயன் | கூரைக்கு | மூன்று நான்கு தளத்துக்கு | குறைவு |
| மறைசெலவு | முறுக்கினால் வீண் | அறுப்பு, விளிம்புப் பூச்சு | நேரம், ரம்பப் பல் |

சமதரையில் ஒரே ஒரு தளம் போடுகிறவருக்கு நான் பைனைத்தான் சொல்வேன். பல பாகம் ஊற்றுகிறவர் பிளைக்குப் போகட்டும். நீண்ட கார்ப் பாதை முழுவதும் ஊற்றுவதானால் வாடகைக்குக் கிடைக்கும் இரும்புச் சட்டத்தை விசாரியுங்கள். வாடகையோடு முன்பணம், ஏற்றிக்கொண்டுவரும் கூலி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எந்தப் பலகையானாலும் முளை

சட்டம் சரிவது பலகை உடைந்து அல்ல, முளை சாய்ந்து. 38க்கு 38 கட்டையை 450 மிமீ நீளத்தில் வெட்டி, கூர்முனையை நீளமாகச் சீவுங்கள். குட்டைக்கூர் பக்கவாட்டில் நழுவும். முளையின் தலை பலகையின் மேல்விளிம்புக்கு 10 மிமீ கீழே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மட்டப்பலகை இடிக்கும். டர்பன் கடலோர மேட்டின் சிவப்பு மணலில், காய்ந்திருக்கும்போது 450 போதாது. 600 மிமீயாக்கி, ஒன்றுவிட்டு ஒன்றுக்குப் பின்னால் சாய்வுமுட்டு கொடுங்கள். கல்லோடிய தரையில் மரமுளை நொறுங்கும், 12 மிமீ இரும்புக் கம்பிதான் இறங்கும். கம்பியில் திருகாணி ஏறாது என்பதால் பலகையின் வெளிப்புறத்தில் ஆணி அடித்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள்.

ஆணியைவிடத் திருகாணி மேல்: அடிக்கும் அதிர்வில் முளை ஆடாது, கழற்றும்போது இன்னும் முழுதாக இறுகாத தளம் அடிபடாது. வெளியிலிருந்து முளை வழியாகப் பலகைக்குள் முடுக்குங்கள். பைனுக்கு 65 மிமீ சரி. பிளைக்கும் அதையே போட்டால் 6 மிமீ உள்ளே துருத்தி, கான்கிரீட்டில் சிக்கி, பலகையை விடாது. அதற்கு 50 மிமீ.

எல்லாம் நின்றபின் மூலைக்கு மூலை அளங்கள். 4க்கு 3 தளத்தில் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 5 மீட்டர் வர வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு 10 மிமீ வாட்டம் கொடுங்கள். 3 மீட்டர் அகலத்துக்கு 30 மிமீ. வாட்டத்தைச் சட்டத்திலேயே வைத்துவிட வேண்டும், கான்கிரீட்டில் கையால் வர வைக்க முடியாது. கடைசியாக, பலகையின் வெளியடியில் மண்ணை அணைத்துத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். ஊற்றுவதற்கு முன் மரத்தை நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த மரம் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சி ஓரத்தைப் பொரபொரப்பாக்கும். ஷட்டர் எண்ணெய் தடவுவதானால் மெல்லியதாகத் தடவுங்கள். பழைய எஞ்சின் எண்ணெய் வேண்டாம், ஓரம் கறுக்கும், மண்ணும் கெடும்.

மனை சரிவாக இருந்தால்

ஒரு பக்கம் தரைமட்டம், எதிர்ப்பக்கம் 300 மிமீ உயரம் என்று மனை அமைந்தால், தாழ்ந்த பக்கத்துப் பலகை ஏற்பது ஒன்பது மடங்கு தள்ளுவிசை. அங்கே மரத்தை நம்பி முட்டுக்கு மேல் முட்டு கொடுப்பதைவிட, அடித்தளம் வெட்டிக் கான்கிரீட் கல்லில் ஒரு குட்டைச் சுவர் எழுப்பி, உள்ளே மண்ணை 150 மிமீ அடுக்காகக் கொட்டி இடித்து, சுவரையே சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லும் சாந்தும் செலவுதான். ஆனால் கழற்றும் வேலை இல்லை, மழையில் ஓர மண் அரித்துப்போகும் பயமும் இல்லை. தரைமட்டமாக உள்ள பக்கத்துக்குப் பைன் போதும்.

கழற்றும்போது

டர்பன் வெயில் காலத்தில் 24 மணி நேரம் விட்டால் போதும். உள்நாட்டுப் பனிக்காலத்தில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். முதலில் திருகாணி, பிறகு முளை, கடைசியில் பலகை. கடப்பாரையைத் தளத்தின் ஓரத்தில் ஊன்றி நெம்பக் கூடாது. பலகையின் மேல்விளிம்பை வெளிப்பக்கமாகச் சுத்தியால் மெல்லத் தட்டினால் தானே விடும். தளத்தை ஏழு நாள் ஈரமாக வைத்திருங்கள். பலகையில் ஒட்டியதை அன்றைக்கே சுரண்டுங்கள்.

வெட்டுத்துண்டுகளில் பச்சைச் சாயல் தெரிந்தால் அது செம்பும் ஆர்செனிக்கும் கலந்த மருந்து ஏற்றிய மரமாக இருக்கலாம். எச் 3, எச் 4 முத்திரையுள்ள (மருந்தேற்றத்தின் வகையைக் காட்டும் குறி) பைன் பலவும் அந்த வகை. பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பிலோ, பூசை அடுப்பிலோ அதைப் போடவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் வரும். கரையோரப் பகுதிகளில் நிறமே தெரியாமல் மருந்தேற்றிய பைனும் விற்கப்படுகிறது. கடையில் வாங்கிய எந்தப் பைன் துண்டையும் சமையல் நெருப்புக்கு எடுக்காமல், நகராட்சிக் குப்பைக் கிடங்கிலேயே சேர்த்துவிடுங்கள்.